மருத்துவச்சியை அழைக்க ஒரு சீட்டு

பச்சிளங் குழந்தைக்குத் தன் நோயைச் சொல்லத் தெரியாது. பால் குடிப்பதை நிறுத்திவிடும். உடல் சில்லிட்டுப் போகும். நிமிடத்திற்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்கும். அதன் மொழி அவ்வளவே. 2022ஆம் ஆண்டில் மட்டும், பிறந்து 28 நாள் நிறைவுறுமுன் மாண்ட குழந்தைகள் உலகெங்கும் ஏறத்தாழ 23 இலட்சம். அவற்றுள் நான்கில் மூன்று பங்கு முதல் வாரத்திலேயே போய்விட்டன. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், கிருமித் தொற்று ஆகியவையே பெருங்காரணங்கள். இவற்றிற் பலவற்றைத் தடுக்க அரிய மருந்து வேண்டியதில்லை; பழகிய கை ஒன்று வேளையோடு வந்து சேரவேண்டும்.

கைப்பேசி இக்குழந்தைகளைக் காக்கும் என்று இந்நாட்களில் அடிக்கடி படிக்கிறோம். கருவி எவ்வாறு பிள்ளையைக் காக்கும் என்னும் ஐயம் நமக்கு இருந்ததுண்டு. சான்சிபார் தீவுகளில் நடந்ததை அறிந்தபின் அவ்வையம் ஓரளவு தெளிந்தது.

கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை அடுத்து, கிராம்புக்குப் பேர்போன இத்தீவுகள் தான்சானியா நாட்டைச் சேர்ந்தவை. அங்கே 2009, 2010ஆம் ஆண்டுகளில், டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் ஸ்டீனே லுண்டும் அவர்தம் குழுவினரும் 24 சுகாதார நிலையங்களில் ஒரு சோதனை நடத்தினர். பாதி நிலையங்களில் வழக்கமான கவனிப்பு. மறுபாதியில் அதனோடு கைப்பேசியின் துணை. கருவுற்ற தாய்க்குச் சுவாஹிலி மொழியில் குறுஞ்செய்திகள் வரும். பேறுகாலம் நெருங்க நெருங்க அவை அடிக்கடி வரும். இதனுடன், நிலையத்து மருத்துவச்சியோடு பேசுவதற்கென அழைப்புச் சீட்டு ஒன்றும் தாய்க்கு அளிக்கப்பட்டது.

நம் மனத்தைத் தொட்டது இச்சீட்டே. குறுஞ்செய்தி தாய்க்குச் சொல்லும். சீட்டோ தாயைப் பேச வைக்கும். ஏழை வீட்டில் தொலைபேசிக்குப் போடும் பணமும் கணக்கில் உள்ள பணமே. நள்ளிரவில் அதைச் செலவிடலாமா என்று கணவனையோ மாமியாரையோ கேட்டு நிற்கும் பெண்ணுக்கு, 'இது இதற்காகவே தரப்பட்டது' என்று சொல்ல ஒரு சீட்டு கையில் இருப்பது சிறிய காரியமன்று.

பயிற்சி பெற்றவர் துணையோடு பிள்ளை பெற்றோர், வழக்கமான கவனிப்புப் பெற்ற பகுதியில் நூற்றுக்கு 47. கைப்பேசித் துணை பெற்ற பகுதியில் 60. கருவிலோ பிறந்த முதல் வாரத்திலோ இறந்த சிசுக்கள் ஆயிரத்திற்கு 36 என்றிருக்க, துணை பெற்ற பகுதியில் 19 மட்டுமே. ஒரே சோதனையை வைத்து முரசு கொட்டலாகாது என்பது மெய்தான். ஆயினும் அந்தப் பதினேழு நமக்கு வெறும் எண்ணாகத் தோன்றவில்லை.

பங்குப் பணியில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட நாம் அடக்கம் செய்த சிசுக்கள் பல. அப்பெட்டியைத் தூக்க நால்வர் வேண்டியதில்லை. தகப்பன் ஒருவனே கைகளில் ஏந்தி வருவான். மண் மூடியபின் காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே விடை: "சாயங்காலமே பால் குடிக்கல சாமி. விடியட்டும்னு இருந்தோம்." விடியும்வரை காத்திருந்த வீட்டில் அன்பு இல்லாமலில்லை. யாரைக் கேட்பது என்று தெரியாத இரவு அது.

ஆனால் சான்சிபாரில் மற்றொன்றும் வெளிப்பட்டது. பயிற்சி பெற்றவரிடம் பிள்ளை பெறும் வழக்கம் நகர்ப்புறத் தாய்மாரிடையேதான் வெகுவாகப் பெருகிற்று. நாட்டுப்புறத்தில் குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை. செய்தி போன இடமெல்லாம் வண்டியும் பாதையும் போய்விடுவதில்லை அன்றோ? திட்டம் தீட்டுவோர் கைப்பேசிகளை எண்ணுமுன், இரவில் அழைப்பை எடுக்க விழித்திருக்கும் மருத்துவச்சிகளை எண்ணினால் நன்று என்பது நம் கருத்து.

இப்போதெல்லாம் திருமுழுக்குக்குப் பெயர் கொடுக்க வருவோரிடம், ஞானப் பெற்றோர் யாரென்று கேட்குமுன் வேறு இரண்டு கேள்விகள் கேட்கிறோம். வீட்டில் கைப்பேசி இரவில் யாரிடம் இருக்கும்? செவிலியின் எண் அதில் உண்டா? சென்ற மாதம் வந்த இளைஞர் ஒருவர் முதற்கேள்விக்கே சற்றுத் தயங்கி, "எங்கிட்டதான் சாமி, நான் ராத்திரி வேலைக்குப் போயிடுவேன்" என்றார். அருகிலிருந்த அவர் மனைவி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு அவரை நோக்கினார்.