ஷாதிபூருக்குப் போக என்ன கார்டு வேணும்?

"அந்தமான் போக பாஸ்போர்ட் வேணுமா?" ஷாதிபூரில் பிறந்தவர்கள் சென்னையில் ஒரு தடவையாவது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருப்போம். வேண்டாங்க. இந்தியக் குடிமகனுக்கு அது ரெண்டு மணி நேர உள்நாட்டு விமானம், இல்லாவிட்டால் ஏறக்குறைய மூணு நாள் கப்பல். போட்டோ உள்ள அரசாங்க அடையாள அட்டை ஒன்று போதும். டிக்கெட்டில் இருக்கிற பெயரும் அதில் இருக்கிற பெயரும் ஒத்துப்போகணும், அவ்வளவுதான்.

குடியுரிமை மாறினவர்களுக்குக் கதை வேற. இங்கே மெல்பர்னில் யாரைக் கேட்டாலும், "ஓசிஐ எடுத்துக்கோ, ஆயுசுக்கும் விசா கவலை இல்லை" என்பார்கள். மதுரைக்கும் கும்பகோணத்துக்கும் அது சரி. ஆனால் 1963-இல் வந்த உத்தரவு ஒன்று அந்தமானை வெளிநாட்டவருக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதியாக்கியது. ஓசிஐ வைத்திருப்பவரும் சட்டப்படி வெளிநாட்டவர்தானே! அப்படிப்பட்ட பகுதிகளுக்குப் போக அவர்களும் தனி அனுமதி வாங்கணும் என்று 2021 மார்ச் அறிவிக்கை தெளிவாகவே சொல்லிவிட்டது.

நடைமுறை அவ்வளவு கொடுமை இல்லை. முன்பெல்லாம் வெளிநாட்டவருக்கு போர்ட் பிளேர் விமான நிலையத்திலேயே 30 நாள் பெர்மிட் கொடுப்பார்கள். 2018-இல் ஷாதிபூர் இருக்கும் தெற்கு அந்தமான் உட்பட 30 தீவுகளுக்கு அந்த பெர்மிட் வேண்டாம், வந்ததும் பதிவு செய்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அந்தச் சலுகை தேதி போட்டுக் கொடுக்கப்பட்டது. அதனால் ஒவ்வொரு தடவையும் டிக்கெட் போடும் முன் அன்றைய விதியைப் பார்த்துவிடுங்கள். பழங்குடியினர் காப்புப் பகுதிகள் தனி. அங்கே இந்தியர்களுக்கும் அனுமதி தேவை.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இன்னும் ரெண்டு விஷயம். ஓசிஐ கார்டோடு பழைய பாஸ்போர்ட்டையும் தூக்கிக்கொண்டு போகும் கட்டாயம் 2021-இல் போய்விட்டது. பிள்ளைக்குப் புது பாஸ்போர்ட் வாங்கினால் அதன் நகலையும் புது போட்டோவையும் ஏற்றிவிடணும். 20 வயதுக்கு மேல் எடுக்கும் முதல் பாஸ்போர்ட்டுக்கு ஒரே ஒரு தடவை கார்டை மாற்றணும்.

எங்கள் வீட்டில் மனைவியும் மகளும் ஆஸ்திரேலிய பாஸ்போர்ட். நான் மட்டும் இன்னும் இந்திய பாஸ்போர்ட்டையே புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள். அதில் பிறந்த இடம் போர்ட் பிளேர் என்று இருக்கிறது. 2024 செப்டம்பரில் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பெயர் மாறினால் பரவாயில்லை. எழுபத்தெட்டு வயசு அம்மாவுக்கு ராத்திரியில் ஏதாவது என்று போன் வந்தால், பெர்மிட் பற்றி யோசிக்காமல் கிளம்ப எங்கள் வீட்டில் ஒரு ஆளாவது வேணும்.

குடியுரிமைக்கு விண்ணப்பம் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். கையெழுத்துப் போடும் முன், உங்கள் ஊர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் மக்களே.