சாவி வரும் வரை

இரவு முழுக்க மழை. விடிந்ததும் சுவா சூ காங்கில் பெங் சியாங் கால்வாயோரம் நடந்தேன். ஊர்ப் பெயரில் உள்ள ‘காங்’ தியோச்சியூவில் ஆற்றைத்தான் குறிக்கும். தண்ணீர் தே நிறத்தில் கிராஞ்சி நீர்த்தேக்கத்தை நோக்கி ஓடியது. கம்பியைப் பிடித்துக் குனிந்தேன். நீர்மட்டத்தில், சிமெண்டுச் சுவரில், வழவழவென்று பழுப்புப் பூச்சு.

நான் தேடி வந்தது காலோபாக்டரை. ஆறு, ஏரி, குழாய்த் தண்ணீர் என்று நன்னீரில் வாழும் பாக்டீரியா. மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு நீளம். கண்ணுக்கு எட்டாது என்று தெரிந்தேதான் வந்தேன்.

பல பாக்டீரியாக்கள் அச்சு அசலான இரண்டாகப் பிளக்கும். இது அப்படியில்லை. ஒரு பிள்ளைக்குக் காம்பு. நுனிப் பசையால் ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிடும். இன்னொன்றுக்கு வால், நீந்திப் போய்விடும். மரபணு இரண்டுக்கும் ஒன்றே. எந்தப் புரதம் எந்த முனையில் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் விஷயம்.

காம்பு முனையில் டிவ்ஜே, வால் முனையில் பிளெக்‌சி. டிவ்கே என்ற சிறு புரதத்தின் மேல் முன்னது பாஸ்பேட் ஏற்றும், பின்னது இறக்கும். நடுச்சுவர் மூடும்வரை டிவ்கே இரண்டு பக்கமும் போய்வரும். மூடியதும் ஒரு வீட்டில் ஏற்றுபவர் மட்டும், மறுவீட்டில் இறக்குபவர் மட்டும். ஏற்றும் வீட்டில் சிடிஆர்ஏ என்ற காவல்காரப் புரதம் செயலிழந்து சிதைக்கப்படும். டிஎன்ஏ உடனே இரட்டிக்கத் தொடங்கும். 1996இல் ஸ்டான்ஃபோர்டில் லூசி ஷப்பிரோவின் குழு அடையாளம் காட்டிய புரதம்தான் இந்தச் சிடிஆர்ஏ. நீந்தும் பிள்ளையிலோ அதே காவல்காரர் டிஎன்ஏ இரட்டிப்பு தொடங்கும் இடத்திலேயே அமர்ந்து மறிக்கிறார். ஆய்வகத்தில் அரைமணி நேரம் போல நீந்தி, வாலை உதிர்த்து, அதே முனையில் காம்பு வளர்க்கும்போதுதான் தடை நீங்கும். ஏதாவது பரப்பில் மோதினால் இன்னும் சீக்கிரம்.

அங்கே எனக்குச் சிரிப்பு வந்தது. தெங்கா பக்கம் வீவக புளோக்குகள் புதிதாக எழும்பியிருக்கின்றன. கட்டி முடிந்து கிடைக்கவேண்டிய பிடிஓ வீட்டுக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட அக்கா மகன், கேட்கும்போதெல்லாம் “சாவி வரட்டும் மாமா” என்பான்.

காம்பின் பசை லேசுப்பட்டதல்ல. 2006இல் அளந்தபோது, சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 70 நியூட்டன் இழுவை தாங்கியது. மிளகளவு இடத்தில் அரிசி மூட்டையைத் தொங்கவிடலாம்.

மறுபடி தூறத் தொடங்கியது. கால்வாயில் வேகம் கூடி, ஒரு பிளாஸ்டிக் கோப்பை உருண்டு போனது. சுவரில் அந்தப் பழுப்பு அப்படியே இருந்தது.