கோட்லாந்துத் தீவின் வெள்ளிக் காசு

ஸ்வீடன் தேசத்துக்குப் போகும் பாக்கியம் கிடைத்தால், ஸ்டாக்ஹோமோடு திரும்பிவிடாதீர்கள். அதற்குத் தெற்கே நீனஸ்ஹாம்ன் துறைமுகத்தில் கப்பல் ஏறுங்கள். மூன்று மணிக்குச் சற்றுக் கூடுதலான பயணத்தில், பால்டிக் கடல் நடுவே கோட்லாந்துத் தீவு வந்துவிடும். அதன் தலைநகர் விஸ்பி. மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் பழைய மதில். உள்ளே கல் பாவிய சந்துகள். வீட்டுச் சுவரோரங்களில் ரோஜாச் செடிகள். எல்லாவற்றையும் சாவகாசமாகப் பாருங்கள். ஆனால், கடற்கரைத் தெருவில் இருக்கும் பொருட்காட்சி சாலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அங்கேதான் ஸ்பில்லிங்ஸ் புதையல் இருக்கிறது. 1999 ஜூலையில், தீவின் வடகிழக்கே ஸ்பில்லிங்ஸ் என்ற பண்ணை நிலத்தில் அகப்பட்டது. ஒரு கிலோ, இரண்டு கிலோ வெள்ளியல்ல. சுமார் 67 கிலோ! காப்புகளும் கம்பிகளும் போக, காசுகள் மட்டும் 14,000-க்கு மேல். அவற்றில் மிகப் பெரும்பாலானவை எந்தக் காசுகள் தெரியுமா? அரபு எழுத்துப் பொறித்த திர்ஹம்கள்!

பாலைவன நாட்டுக் காசு பனி நாட்டுக்கு எப்படி வந்தது? வடநாட்டு வணிகர்கள் ரோமத் தோல்களையும் அடிமைகளையும் ருஷ்ய நதிகள் வழியே கொண்டுபோய் விற்று, வெள்ளியாக வாங்கி வந்தார்கள். காசில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் அவர்களுக்கு அக்கறை இல்லை; எடைதான் கணக்கு. தேவைப்பட்டால் காசைத் துண்டாக வெட்டியும் எடை போட்டார்கள்.

நாம் ஒன்றைப் படித்துப் பார்ப்போமா? எடை மூன்று கிராம்கூட இராது. அரசர் தலை கிடையாது, இருபுறமும் எழுத்துத்தான். ஒரு பக்கத்தின் நடுவில் மூன்று வரி: இறைவன் ஒருவனே, அவனுக்கு இணை இல்லை என்ற கலிமா. அதைச் சுற்றி வட்டமாக ஓடும் வரிதான் காசின் ஜாதகம். ‘அல்லாஹ்வின் திருப்பெயரால், இந்தத் திர்ஹம் இன்ன ஊரில், இன்ன ஆண்டில் அடிக்கப்பட்டது’ என்று அது சொல்லும். ‘மதீனத்துஸ் ஸலாம்’, அதாவது அமைதி நகரம் என்றிருந்தால் பாக்தாத். ‘அஷ்ஷாஷ்’ என்றிருந்தால், 1966-ல் நம் லால்பகதூர் சாஸ்திரி காலமான தாஷ்கண்ட்.

ஆண்டில்தான் ஆபத்து! அதை இலக்கமாகப் போடாமல், ‘ஐந்தும் எழுபதும் நூறும்’ என்று சொல்லால் எழுதுவார்கள். பழைய கூஃபி எழுத்திலோ புள்ளிகள் இல்லை. புள்ளி இல்லாவிட்டால் அரபு மொழியில் எழுபதும் தொண்ணூறும் அச்சாக ஒன்றே. புள்ளியில்லாத ஓலைச் சுவடியோடு மல்லாடியவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். ஹிஜ்ரி 175-ஆ, 195-ஆ? ஹிஜ்ரி ஆண்டை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால், ஏறக்குறைய ஆங்கில ஆண்டு கிடைக்கும். முன்னது 791, பின்னது 811. காசில் காலிபா ஹாரூன் அல்-ரஷீதின் பெயர் இருந்தால் கவலை தீர்ந்தது. அவர் 809-ல் இறந்துபோனார், எனவே 175-தான்!

இனி மறுபக்கம். பாக்தாத் காலிபாக்களின் காசில் அங்கே ‘முஹம்மத் ரஸூல் அல்லாஹ்’, அதாவது முஹம்மது இறைவனின் தூதர் என்று இருக்கும். ஸ்பில்லிங்ஸ் புதையலைப் படித்து வந்த நிபுணர்களை ஒரு காசு திடுக்கிட வைத்தது. முஹம்மது இருக்க வேண்டிய இடத்தில் ‘மூஸா’! முஸ்லிம்கள் மூஸா நபி என்றும், கிறிஸ்தவர்கள் மோசே என்றும் போற்றுகிறவரே அவர். ஆனால் காலிபாவின் நாணயச் சாலை அப்படி அடிக்காதே!

அடித்தவர்கள் கஸர்கள் என்று அறிஞர்கள் கண்டார்கள். காஸ்பியன் கடலுக்கும் கருங்கடலுக்கும் வடக்கே ஆண்ட மக்கள் அவர்கள். அவர்களுடைய அரசர்கள் யூத மதத்தைத் தழுவியதாகப் பழைய நூல்கள் கூறும். அதைக் கட்டுக்கதை என்றவர்களும் உண்டு. அந்தச் செய்திக்கு, 837–838-ல் அடித்த இந்தச் சின்னஞ்சிறு வெள்ளி சாட்சி சொல்ல வந்துவிட்டது. அரபுக் காசைப் பார்த்து அடித்தவர்கள் ஒரே ஒரு பெயரை மாற்றியிருந்தார்கள்.

எல்லாக் காசிலும் உள்ள வாசகந்தானே என்று அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தால், அது மற்றப் பதினாலாயிரத்தோடு கலந்து போயிருக்கும். ஆகவே, அரபுக் காசு ஒன்று உங்கள் கைக்கு வந்தால், ஊரும் ஆண்டும் தெரிந்ததே என்று கீழே வைத்துவிடாதீர்கள். தெரிந்த வரியையும் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்து விடுங்கள்.