கடல் கடந்து வந்த கைப்பக்குவம்

ஆவடியிலிருந்து சென்னைக் கடற்கரை நிலையத்துக்கு நேரே செல்லும் மின்சார வண்டிகள் சில உண்டு. பருத்திப்பட்டிலிருந்து புறப்படுவோர் அவற்றில் ஏறினால் நடுவில் இறங்கி மாறும் தொல்லை இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் அர்மேனியன் தெருவிலுள்ள புனித அந்தோனியார் திருத்தலத்தை நாடிச் செல்லும் நம் குடும்பங்களுக்கு இது பழகிய வழிதான். ஆயினும், அங்கிருந்து சற்றே நடந்து, இரண்டாம் கடற்கரைச் சாலையில் மாலைதோறும் கூடும் தள்ளுவண்டிக் கடைகளின் முன் நின்று பார்த்தவர்கள் நம்முள் எத்தனை பேர்?

அங்கு விற்கப்படுவது பர்மிய உணவு. அத்தோ என்பது அதன் பெயர்; கையால் பிசைந்து கலந்ததைக் குறிக்கும் பர்மியச் சொல். செம்மஞ்சள் நிற நூடுல்சை அகன்ற கிண்ணத்தில் இட்டு, மெல்லிதாய் அரிந்த முட்டைக்கோசு, வெங்காயம், சிவக்க வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள், உப்பு, புளிக்கரைசல் எல்லாம் சேர்த்து, பேஜோ எனப்படும் மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கித் தூவி, வெங்காயம் வறுத்த எண்ணெயில் ஒரு கரண்டி விட்டு, கடைக்காரர் ஐந்து விரல்களாலும் பிசைகிறார். கரண்டியால் கிளறினால் புளியும் எண்ணெயும் ஒட்டாது என்பது அவர்கள் கட்சி. பக்கத்தில் வாழைத்தண்டு இட்ட சூப்பு கொதிக்கிறது. பர்மாவில் மொய்ங்கா என்னும் இது மீன் சேர்ந்தது. சென்னைக் கடைகள் பலவற்றில் மீன் விலகி, வாழைத்தண்டு மட்டும் நிலைத்துவிட்டது. அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயத்தைத் திணித்துப் புளிநீர் சொரிந்தும் தருவார்கள். சுத்தபோசன நாளில் இதை உண்ணலாமா என்று பாட்டியம்மாள் ஒருவர் என்னைக் கேட்டார். தாராளமாக உண்ணலாம், வெள்ளிக்கிழமை விலக்கப்பட்டது புலால்தான்.

உல்லாசப் பயணம் சென்றவர்கள் கொண்டுவந்த உணவன்று இது. ஆங்கிலேயர் ஆட்சியில் அரிசி ஆலைகளிலும் துறைமுகத்திலும் உழைக்கவும், வாணிபம் செய்யவும் தமிழர் இரங்கூன் சென்றனர். 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது பெருந்திரளானோர் காடும் மலையும் கடந்து, கால்நடையாகவே அசாமையும் மணிப்பூரையும் அடைந்தனர். வழியிலேயே மாண்டவர் பலர். எஞ்சியவர்களை மீண்டும் பெயர்த்தது 1962-இல் ஆட்சியைக் கைப்பற்றிய நெவின் அரசு. 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையாயின. மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. கப்பல் ஏறியவர்கள் பணமோ நகையோ கொண்டுவரக் கடுங்கட்டுப்பாடு இருந்தது. சுங்க அதிகாரியால் பறிக்க முடியாதது அடுப்படியில் பழகிய கை ஒன்றே.

இங்கு வந்து சேர்ந்தவர்களுக்கென 1969-இல் கடற்கரை நிலையத்தின் அருகே பர்மா பஜார் அமைந்தது. வியாசர்பாடியில் அவர்களுடைய குடியிருப்புகள் எழுந்தன. நம் வண்டி வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் நிற்கும்போது ஏறி இறங்குவோரில் அக்குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள்.

நான் உண்ட கடை அத்தகைய குடும்பம் ஒன்றினுடையது. கடைக்காரர் அறுபதைக் கடந்தவர். வெங்காயம் அரிவதும் பேஜோ பொரிப்பதும் நண்பகல் முதல் வீட்டில் மனைவி பார்க்கும் வேலை. மகன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணி முடித்து வந்து தட்டுகளைக் கழுவி, காசு வாங்கிப் போடுகிறார்.

“கப்பல்ல வந்தப்போ நான் அம்மா இடுப்புல இருந்தேனாம், ஃபாதர். எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லே. அம்மா பிசையிறதுதான் ஞாபகம்” என்றார்.

“உங்களுக்குப் பின் தம்பி நடத்துவாரா?” என்று கேட்டேன்.

அவர் மகனைப் பார்த்தார். மகன் தட்டைப் பார்த்தார். “சனிக்கிழமை மட்டும் பிசையிறான், ஃபாதர். புளி இன்னும் சரியா வரலே” என்று கூறிவிட்டு அடுத்தவருக்குக் கிண்ணத்தை எடுத்தார்.

உரோமையில் பயின்று திரும்பிய நண்பர் குருவானவர் ஒருவர், தெர்மினி இரயில் நிலையத்தைச் சுற்றி எரித்திரேயக் குடும்பங்கள் நடத்தும் உணவகங்களைப் பற்றி அடிக்கடி கூறுவார். அந்நாட்டில் 1961 முதல் 1991 வரை நிகழ்ந்த விடுதலைப் போர் எத்தனையோ குடும்பங்களை அயல்நாடுகளுக்குச் சிதறடித்தது. தெஃப் என்னும் நுண்தானிய மாவைப் புளிக்க வைத்துச் சுடும் இஞ்செரா அவர்களுடைய உணவு. நம் ஆப்பத்துக்கு அண்ணன் முறை எனலாம். ஒரே தட்டில் அதை விரித்து, அதன்மேல் குழம்பும் கீரையும் பருப்பும் வைத்து, சுற்றி அமர்ந்து கையால் பிய்த்து உண்பர். அன்புக்குரியவர் வாயில் கவளத்தை ஊட்டுவதும் வழக்கம். அவர்களுள் ஆர்த்தடாக்ஸ் சபையினர் புதனிலும் வெள்ளியிலும் ஒருசந்தி காத்து, பாலும் முட்டையும்கூட விலக்குவர். நம் சுத்தபோசனம் இதன்முன் மிக எளிது என்று நண்பர் நகைப்பார். அங்கும் சமையலறையில் தாய், பந்தியில் பிள்ளைகள் என்றே கேள்வி.

இன்று அத்தோ சென்னையின் பல பகுதிகளுக்கும் பரவிவிட்டது. பர்மாவோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களும் விற்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் சில இடங்களில் கையுறை அணிந்து, தக்காளிச் சாறு ஊற்றிக் கலப்பதைக் கண்டேன். கையுறையை வரவேற்கிறேன், தக்காளிச் சாற்றை என்னால் ஏற்க இயலவில்லை.

குடும்பத்தோடு செல்பவர்கள் பொழுது சாய்ந்தபின் செல்வது நலம். குழந்தைகளுக்கு மிளகாய்த்தூளைக் குறைக்கும்படி முன்னரே சொல்லிவிடுங்கள். பிசைந்தபின் சொல்லிப் பயனில்லை. சூப்பைத் தனியே கேட்டு வாங்கி, சூடு ஆறுமுன் அருந்துங்கள். கூட்டம் குறைந்த நேரமாயின் கடைக்காரரிடம் அவருடைய பெற்றோர் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினர் என்று கேளுங்கள். பெரும்பாலோர் மகிழ்ந்து சொல்வார்கள்.