அப்பாவின் ரஃப் ஜர்னல்

ஜூலை 5, சனி

பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க நோட்டுகள். அப்பா தொடங்கியது, அம்மா தொடர்ந்தது, பிறகு அண்ணி, இப்போது நான். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நோட்டாக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 1987 நோட்டில் ஒரே பக்கத்தில் இவ்வளவும் கிடக்கிறது: ஆவக்காய்க்குக் கடுகுப்பொடி அளவு, அண்ணன் மகன் பிறந்த நேரம், பால்காரருக்கு நின்ற பாக்கி, ஜங்ஷனில் பயங்கர மழை. பிறந்த நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும்மா என்கிறாள் மகள் போனில். ஆவக்காயைத் தள்ளிவிட்டால் அம்மா கையெழுத்தில் என்ன மிஞ்சும்?

ஜூலை 6, ஞாயிறு

யார் யார் எங்கே பிறந்தார்கள் என்று பட்டியல் போட்டதில் தலை சுற்றிவிட்டது. அம்மா 1948-இல் திருத்தணியில் பிறந்தாள்; அப்போது சென்னை மாகாணம், சித்தூர் மாவட்டம். சின்னம்மா பிறந்தது 1956. அதே வீடு, அதே அறை. ஆனால் 1953-இல் ஆந்திரம் பிரிந்துவிட்டதால் அவர் ஆந்திராவில் பிறந்தவர். ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டமெல்லாம் நடந்து, 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. அதற்குப் பிறகு செங்கல்பட்டு மாவட்டம், இப்போது திருவள்ளூர். நம் அரக்கோணம் மட்டும் என்னவாம்? வட ஆற்காடு, வேலூர், 2019 முதல் ராணிப்பேட்டை. இனி ஊர்ப்பெயர் முதலில், அன்றைய மாவட்டம் அதன் பக்கத்தில். வருடம் இல்லாமல் மாவட்டம் எழுதுவதில் அர்த்தமே இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

நூலகத்திலிருந்து ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் ஒரு தொகுதி எடுத்து வந்தேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனிக்கு துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1736 செப்டம்பரில், நள வருடம் ஆவணியில் தொடங்கி, 1761-இல் சாகும் காலம் வரை எழுதியிருக்கிறார். கப்பல் வந்தது, சரக்கு விலை, கவர்னர் துய்ப்ளே பேசியது, துய்ப்ளே மனைவி மேல் இவருக்கிருந்த கசப்பு, வீட்டுக் கல்யாணம் எல்லாம் கலந்து கிடக்கிறது. அவர் எதையும் வகை பிரிக்கவில்லை. ஆனாலும் படிக்கிறவன் தடுமாறுவதில்லை; என்றைக்கு, எத்தனை மணிக்கு, யார் வந்து சொன்னது என்பதை அவர் விடுவதே இல்லை.

கலந்து கிடப்பதல்ல நம் நோட்டின் கோளாறு. யார் சொன்னது என்று ஒருவரும் எழுதவில்லை. "தாத்தாவுக்கு நிலம் போனது" என்று ஒரு வரி இருக்கிறது. விற்றாரா, அடகில் முழுகியதா, யாராவது ஏமாற்றினார்களா? எழுதிய கை அம்மாவுடையது. சொன்ன வாய் யாருடையதோ.

ஜூலை 9, புதன்

தலைவலி. ஒன்றும் எழுதவில்லை. மோட்டார் ரிப்பேர்காரர் வரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பழைய ரஃப் ஜர்னல் ஒன்று அகப்பட்டது. அப்பாவைப் போல ரயில்வே கார்டு வேலையில் இருந்தவர்கள் வீட்டில் இதைப் பார்க்காத பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். ஸ்டேஷன், வந்த நேரம், புறப்பட்ட நேரம், தாமதம் என்றால் காரணம். வண்டி ஆடுகிற ஆட்டத்தில் எழுதிய பென்சில் எழுத்து. ஓரிடத்தில் சிக்னல் விழாமல் நின்றிருக்கிறது. எத்தனை நிமிடம், யார் என்ன சொன்னார் என்று பதில் அங்கேயே இருக்கிறது. டிடென்ஷனுக்குக் காரணம் எழுதாவிட்டால் மேலே விளக்கம் கேட்பார்கள் என்று அப்பா சொல்வார்.

நம் நோட்டுக்கும் இந்தக் கட்டமே போதும். தேதி, இடம், நடந்தது, சொன்னவர். ஆவக்காய்க்கும் அதே கட்டம்: மே மாதம், அரக்கோணம், கடுகுப்பொடி அளவு, சொன்னவர் பக்கத்து வீட்டுத் தெலுங்கு மாமி. ரேஷன் கார்டிலும் பத்திரத்திலும் கிடைக்கிற விஷயத்தை இதில் ஏற்றப்போவதில்லை. பால் பாக்கியை மட்டும் எடுத்துவிட்டேன். அதுகூட அரை மனதோடுதான்; அந்த வருடப் பால் விலை வேறெங்கே இருக்கிறது?

ஜூலை 13, ஞாயிறு

நில விஷயம் பற்றி அண்ணனிடம் கேட்டேன். "அதையெல்லாம் ஏன் கிளறுற, பிள்ளைங்க படிக்கும்" என்றார். படிக்கத்தானே எழுதுகிறோம் என்றேன். கொஞ்சம் இறங்கி வந்து, சித்தப்பாதான் கையெழுத்துப் போட்டார் என்றார். சின்னம்மாவைக் கேட்டால் கையெழுத்துப் போட்டது தாத்தாவேதான் என்கிறார். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வயதும் இல்லை, ஆதாரமும் இல்லை. ஒரே பக்கத்தில் இரண்டையும் எதிரெதிரே எழுதி, சொன்னவர் கட்டத்தில் இருவர் பெயரையும் போட்டேன். அவரவர் எழுத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த ஞாயிறு அண்ணன் வருகிறார். சின்னம்மாவையும் திருத்தணியிலிருந்து காலை பாசஞ்சரில் ஏறச் சொல்லியிருக்கிறேன்.