எட்டுப் பெண்களும் ஒரு கபடி வருஷமும்

கபடியில் ஓர் அணிக்கு ஏழு பேர் களத்தில் நிற்பார்கள். மாற்றுக்கு ஐந்து பேர் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். ராமநாதபுரத்தில் என் மகள் படிக்கும் கல்லூரியில் 2025-ல் பெண்கள் அணிக்குச் சேர்ந்ததே எட்டுப் பேர்தான்!

மைதானம் என்று பெயர். எங்கள் சீமையில் கருவேல முள் இல்லாத இடம் ஏது? தினமும் முதல் கால் மணி நேரம் முள் பொறுக்குவதில் போய்விடும். அரை டிராயரைப் பார்த்து என் மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "முட்டியில சிராய்ப்பா? மஞ்சப்பத்து போடு" என்று அவரே அரைத்துக் கொண்டு வந்தார்.

அணியில் கெட்டிக்காரி பாம்பனிலிருந்து வரும் பெண். பாடிக்கொண்டே போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா கருவாடு காயப்போடுகிறவர். காலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் வெறும் டீயோடு கிளம்பிவிடுவாளாம். ஆவணியில் ஒருநாள் பாடிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டி விழுந்துவிட்டாள். ரத்தம் சோதித்தால் ஹீமோகுளோபின் 8.5! பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே சோகை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை என்று தெரிந்தது. மூச்சுப் பிடித்து முப்பது விநாடி பாட வேண்டிய பெண்ணுக்கு, பிராணவாயுவைச் சுமக்கிற ரத்தமே குறைந்தால் என்ன ஆகும்?

அவள் அம்மா என்னிடம் வந்து, "அக்கா, ஆட்டத்தை இதோட நிறுத்திப்புடலாமுன்னு இருக்கேன். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" என்று கண்கலங்கினார். விளையாடியதால் வந்த சோகை இல்லை. ஆட்டத்தை நிறுத்தினாலும் சோகை நிற்காது. அதைத்தான் டாக்டரம்மாவும் சொன்னார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்து, குணமாகும்வரை களத்தில் இறங்கக் கூடாது என்றார்கள். மாத்திரை விழுங்கும்போதும் சாப்பாட்டோடும் டீ, காபி கூடாது. இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, மீன் எல்லாம் நல்லது. கூட எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ இருந்தால் சத்து சுலபமாகச் சேரும். மலம் கறுத்துப் போனதும் பெண் பயந்துவிட்டாள். மாத்திரையினால்தான், பயப்பட வேண்டாம் என்று விளக்க வேண்டியிருந்தது.

மீதி ஏழு பேரும் அவள் இல்லாமல் ஆடி, முதல் இரண்டு பந்தயத்திலும் தோற்றார்கள்.

அந்த அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் நம் பெண்கள் கபடியில் தங்கம் வாங்கினார்கள். அணியில் சென்னை கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகாவும் இருந்தாள். பாம்பன் அம்மா செல்போனில் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாராம். பிறகு நிறுத்துகிற பேச்சை எடுக்கவில்லை.

கார்த்திகை மழை விட்ட பிறகு சோதித்தால் 11.6. டாக்டரம்மா தலையசைத்தார்கள். அடுத்த பந்தயம், பெண்களுக்குப் பதினைந்து பதினைந்து நிமிஷமாக இரண்டு பாதி. கடைசியில் எங்கள் பக்கம் மூன்றே பேர். மூன்று பேரோ குறைவோ இருக்கும்போது வருகிறவளைப் பிடித்தால் ஒரு புள்ளி கூடுதல். காலைப் பிடித்தது பாம்பன் பெண், இடுப்பைப் பிடித்தது என் மகள். ஒரு புள்ளியில் ஜெயம்! அதற்கடுத்த ஆட்டத்தில் ஆறு புள்ளியில் தோற்றுத் திரும்பினார்கள்.

இந்த வருஷம் இரண்டு பெண்கள் படிப்பை முடிக்கிறார்கள். பாம்பன் அம்மா நேற்றுப் போன் செய்தார். "அக்கா, ஆளு குறையுதாமே? எங்க தெருவுல ரெண்டு பிள்ளைக பன்னெண்டாவது முடிக்கப் போகுதுக. நல்லா ஓடுங்க. முதல்ல ரத்தம் பாத்துருவோம்."