வல்லை வெளியில் ஒரு பழைய ஒஸ்ரின்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை செல்லும் வீதி ஏறத்தாழ 33 கிலோமீற்றர் நீளமுடையது. நல்லூரையும் இருபாலையையும் கோப்பாயையும் கடந்து, வாழைத் தோட்டங்கள் நிறைந்த நீர்வேலியூடாகச் சென்று, புத்தூர், அச்சுவேலி ஆகிய ஊர்களை விட்டதும், வீடும் வேலியும் பனையும் பின்னே ஒதுங்க, வல்லை வெளி நம் முன்னே விரிகின்றது. இருபுறமும் உவர்நிலம், அப்பால் கடல்நீரேரி, காற்றோ ஓய்வறியாதது. ஒதுங்கி நிற்பதற்கு மரநிழல் கிடைப்பது அரிது. இன்றைய புதிய வண்டிகள் இவ்வெளியைச் சில நிமிடங்களில் தாண்டிவிடுகின்றன. ஆயின் வல்லை வெளியை உள்ளபடி காண விரும்புவோர் ஒரு பழைய ஒஸ்ரின் காரில் ஏறிச் செல்லவேண்டும். அது தானாகவே அங்கே நின்று காட்டும்!

நாம் சென்ற கார் 'சோமசெற்' என்னும் இனத்தைச் சேர்ந்த ஒஸ்ரின் ஏ 40. இவ்வினம் 1952 முதல் 1954 வரை, இங்கிலாந்தில் பேமிங்காம் நகரின் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. 1200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய இயந்திரமும், நன்கு உண்டு கொழுத்த கன்றின் முதுகுபோல் உருண்ட மேனியும் உடையது. எழுபது வயதைக் கடந்த இந்தக் கிழவியின் கதவுப் பிடி வேறொரு காரினது. முன்விளக்கு ஒரு லொறியினது. இருக்கை உறை ஊர்த் தையற்காரரின் கைவண்ணம்.

நண்பகல் வெயிலில், வல்லைப் பாலத்துக்குச் சற்று இப்பால், கார் இருமுறை செருமிவிட்டு நின்றது. சாரதி முகத்தில் கவலையின் குறியே இல்லை. "இவவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, ஐயா. கொஞ்சம் இளைப்பாறட்டும்" என்று கூறி இறங்கினார். பின் இருக்கையில் இருந்த மூதாட்டியோ, "தம்பி, பருத்தித்துறையிலை வடைக்கடை பூட்டமுன்னம் போய்ச் சேருவமோ?" என்று வினவினார். "பத்து நிமிசம், ஆச்சி!" என்றார் சாரதி.

நடந்தது இதுதான். இயந்திரத்தின் வெப்பத்தால் எரிபொருட் குழாயினுள்ளேயே பெற்றோல் கொதித்து ஆவியாகிவிடுகின்றது. நீர்மத்தை இறைக்கவேண்டிய பம்பி ஆவியைப் பிடித்துக்கொண்டு வீணே அடிக்கின்றது. இதற்கு மருந்து ஈரத்துணி. சாரதி துணியொன்றை நனைத்துப் பம்பியின்மேற் சுற்றினார். சற்றுப் பொறுத்தபின் கைபிடிக் கம்பியை முன்புறத் துளையிற் செருகிச் சுழற்றினார். அப்போது அவர் பெருவிரலை மற்றைய விரல்களோடு ஒரே பக்கமாக வைத்திருந்ததைக் கவனித்தோம். கம்பியைச் சுற்றிப் பெருவிரலை மடித்துப் பிடித்தால், இயந்திரம் எதிர்த்துத் திருப்பும்போது விரல் முறிந்துவிடும். இரண்டாம் சுற்றிலேயே கிழவி விழித்துக்கொண்டாள்.

பழைய கார் வைத்திருப்போர் ஒவ்வொருவரும் அரை வைத்தியர் எனலாம். பெற்றோல் தாங்கி ஒழுகினால் சலவைச் சவர்க்காரத்தைத் தேய்த்து அடைப்பார்கள். பொறி பிறக்கும் முனைகள் கருகினால் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தால் தேய்ப்பார்கள். மொறிஸ் மைனர் காரின் மின்பம்பி அடங்கிவிட்டால், ஸ்பனரால் மெல்ல ஒரு தட்டுத் தட்ட, அது 'டிக், டிக்' என்று மீண்டும் பேசத் தொடங்கும். ஆனால் விளையாட்டாகக் கொள்ளக்கூடாதனவும் உண்டு. அதே மைனரின் முன்சக்கர மூட்டுக்குக் காலந்தவறாது கிறீஸ் இடாவிட்டால், புரி தேய்ந்து கழன்று, ஓடும்போதே சக்கரம் மடிந்து விழும். எந்த நோயைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போடலாகாது என்பதை அறிவதே இவ்வைத்தியத்தின் சாரம்.

இத்துணைத் தொல்லையையும் யாழ்ப்பாணத்தவர் ஏன் பொறுத்தனர்? 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. ஆதலால் இலங்கை முழுவதிலுமே இருந்த காரைப் பேணுவது வழக்கமாயிற்று. 1977இல் இறக்குமதி தளர்ந்தபின் புதிய வண்டிகள் வந்தன. ஆனால் 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டு, வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டபோது, பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அப்போதுதான் இந்தக் கிழவிகளின் அருமை தெரிந்தது. அவை மண்ணெண்ணெயில் ஓடின!

மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆகவே மருந்துக் குப்பியில் பாதுகாத்த சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அமுக்க விகிதம் மிகுந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஒழுங்கின்றி வெடித்துத் தட்டும். ஏ 40இன் விகிதமோ ஏறத்தாழ 7க்கு 1 தான். எனவே அது பொறுத்துக்கொண்டது. பொறுத்ததற்கு விலையும் கொடுத்தது. பிளக்குகளில் கரி படிந்தது. எரியாத மண்ணெண்ணெய் வழிந்து எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது. பின்னே வெண்புகை எழுந்தது. ஆயினும் நள்ளிரவில் நோவெடுத்த பெண்களையும், காயம்பட்டோரையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்தவற்றுள் இந்தப் புகைவண்டிகளும் இருந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, கொட்டும் மழையில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, அந்தப் பெருங்கூட்டத்தின் நடுவே அடிமேல் அடியாக ஊர்ந்த வாகனங்களிலும் இவை உண்டு.

2002இல் ஏ 9 பாதை திறந்தபின் பெற்றோலும் புதிய வண்டிகளும் வந்தன. முச்சக்கர வண்டிகள் வாடகைக் கார்களின் பிழைப்பைப் பெருமளவு பறித்துக்கொண்டன. ஒஸ்ரின் என்ற பெயரே 1987இல் வழக்கொழிந்தது. லோங்பிறிட்ஜின் பெரும் உற்பத்தியும் 2005இல் நின்றது. பெற்ற தாய்வீடு அழிந்தபின்னும் பிள்ளைகள் சில நம் வீதிகளில் உயிரோடு உலவுகின்றன.

ஆனால் அவற்றின் உயிர் வேறெங்கோ இருக்கின்றது. ஓலைக் கொட்டிலின்கீழ் எண்ணெய் படிந்த சாரத்தோடு அமர்ந்து, இயந்திரத்தின் ஓசையைக் கேட்ட மாத்திரத்தே நோயைச் சொல்லும் முதியவர்களின் காதிலும் கையிலும் இருக்கின்றது. கிடைக்காத உதிரிப்பாகத்தைக் கடைசற் பட்டறையில் கடைந்தெடுத்தவர்கள் அவர்கள். அவ்வித்தை எந்தப் பாடநூலிலும் இல்லை. இன்றைய வண்டிகளின் நோயைக் கணினியே சொல்லிவிடுவதால், அவர்களிடம் தொழில் பழக வரும் இளைஞரும் அருகிவிட்டனர்.

2022இல் நாடெங்கும் எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். இல்லாமையைச் சமாளிக்கும் அறிவு என்றோ ஒரு நாள் மீண்டும் வேண்டப்படலாம். ஆகையால் மாணவச் செல்வங்களே, உங்கள் ஊரில் அத்தகைய முதியவர் ஒருவர் இருப்பின், ஒரு விடுமுறை நாளில் அவரருகே சென்று அமருங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள், செய்வதைப் பாருங்கள், இரண்டையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தேநீர் வாங்கிக் கொடுக்கவும் மறவாதீர்கள்.